லிபியா மணலை நம்பி செயற்கைக்கோளைத் திருத்தலாமா?

கேள்வி, 3 மார்ச் 2024

அக்கா, பிஎச்டிக்கு 1988-லிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை எடுத்து பயிர்ப் பசுமை எப்படி மாறியிருக்குன்னு பார்க்கிறேன். படிக்கிற கட்டுரை எல்லாத்திலயும் "சஹாரா தளங்களை வைத்து சென்சார் சரிபார்க்கப்பட்டது"ன்னு ஒரு வரி வந்துடுது. எனக்கு அது பிடிபடலை. மணல் காத்தடிச்சா நகர்ற பொருள். அதை அளவுகோலா வைக்கிறது ரப்பர்ல ஸ்கேல் பண்ற மாதிரி இல்லையா? செயற்கைக்கோளுக்கு உள்ளேயே விளக்கு வச்சுத்தானே அனுப்புறாங்க, அது போதாதா?

3 மார்ச் 2024, இரவு

போதாது தம்பி. அந்த விளக்கும் சென்சாரோடு சேர்ந்துதான் மேலே போகிறது. சென்சாருக்கு வயதாகும்போது விளக்குக்கும் வயதாகிறது.

லேண்ட்சாட் 5-இல் மூன்று சின்ன விளக்குகள் இருந்தன. அவை எங்கே இருந்தன என்பதுதான் விஷயம். பூமியிலிருந்து வரும் ஒளி முதலில் ஸ்கேன் ஆடியில் படும், பிறகு தொலைநோக்கியின் ஆடிகளில் பட்டு, கடைசியில் ஒளியை அளக்கும் டிடெக்டருக்கு வரும். விளக்குகளோ டிடெக்டருக்குப் பக்கத்தில், அந்த ஆடிகளுக்கு எல்லாம் பின்னால். முன்வாசல் கண்ணாடியில் அழுக்குப் படிந்திருக்கிறதா என்று பின்கட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியுமா?

மணல் நகராது, கவலைப்படாதே. மீதி நாளைக்கு.

5 மார்ச் 2024

லேண்ட்சாட் 5 கதையை முழுசாகச் சொல்கிறேன், உன் ஆய்வின் முதல் பாதி அதில்தான் நிற்கிறது.

1984 மார்ச்சில் ஏவினார்கள். மூன்று வருடம் உழைத்தால் போதும் என்று செய்த கோள், 2011 வரை உழைத்தது. 2003 வரை ஒவ்வொரு படத்தையும் அந்தந்த நேரத்து விளக்கு அளவை வைத்துத்தான் திருத்தினார்கள். 2003-இல் அதை விட்டுவிட்டு, கோளின் ஆயுள் முழுக்க சென்சார் எப்படித் தேய்ந்தது என்று ஒரே வளைகோடு போட்டார்கள். அந்த வளைகோடும் விளக்குகளின் நடத்தையிலிருந்துதான் வந்தது. பிறகு வட ஆப்பிரிக்கப் பாலைவனப் படங்களை வருடவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, பேண்ட் 1 (நீலம்), பேண்ட் 2 (பச்சை) என்ற ஒளித் துண்டுகள் இரண்டிலும் மணல் சொன்னதும் விளக்கு சொன்னதும் ஒத்துப்போகவில்லை. 2007 ஏப்ரலில் மறுபடி திருத்தினார்கள். இந்த முறை மணலின் பேச்சை எடுத்துக்கொண்டார்கள்.

என்னிடம் பழைய சிடியில் ஒரு படம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது, 2003-க்கு முந்தைய முறையில் திருத்தப்பட்டது. அதே நாள், அதே இடத்தை இப்போது இலவசமாக இறக்கிப் பார்த்தேன். நீல பேண்டில் இரண்டு எண்ணும் வேறு. நிலம் ஒன்று, வெயில் ஒன்று, கோள் ஒன்று. மாறியது திருத்தம் மட்டும். இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எத்தனை பேர் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே வரைபடத்தில் ஒட்டியிருப்பார்கள்!

உன் சீனியர் ஹார்ட் டிஸ்கில் கொடுத்த படங்கள் எதையும் தொடாதே. 2020 டிசம்பரில், எல்லாப் படங்களையும் மறுபடி திருத்தி மொத்தமாக வெளியிட்ட கலெக்‌ஷன் 2-ஐ மட்டும் புதிதாக இறக்கு.

6 மார்ச் 2024

திருத்தம். நேற்று "2011 வரை" என்று எழுதியது பயிர்ப் படம் எடுக்கும் கருவிக்கு மட்டும் பொருந்தும். அது 2011 நவம்பரில் நின்றது. கோளை முறையாக ஓய்வுக்கு அனுப்பியது 2013 ஜூனில்.

இன்னொன்று. "மணல் நகராது" என்று முதல் நாள் அவசரத்தில் எழுதிவிட்டேன். அது தப்பு. மணல் நகரும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

10 மார்ச் 2024

மணல் நகர்வதைப் பற்றி.

லிபியா-4 என்று ஒரு தளம். 28.55 பாகை வடக்கு, 23.39 பாகை கிழக்கு. லேண்ட்சாட் படங்களைத் தேடும் கட்ட எண்ணில் பாதை 181, வரிசை 40. ஒரு படத்தை இறக்கி முழு அளவில் திறந்து பார். முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லை, வெளிர் மஞ்சள் தாள். பெரிதாக்கிக்கொண்டே போனால் மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும், தறியில் நெய்த துணியின் இழை மாதிரி. டிசம்பர் படமாக இருந்தால் மேடுகளின் ஒரு பக்கம் நிழல் தட்டியிருக்கும். ஜூன் படத்தில் அந்த நிழல் கிட்டத்தட்ட இருக்காது. ஊர் இல்லை, சாலை இல்லை, ஒரு செடி இல்லை. நான் முதல் தடவை பார்த்தபோது அரைமணி நேரம் வேறு வேலை ஓடவில்லை.

இதில் ஒரு மேட்டை மட்டும் எடுத்து அளந்தால் நீ சொல்வது சரி, ரப்பர் ஸ்கேல்தான். ஆனால் அளக்கிறவர்கள் 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் அத்தனை பிக்சலுக்கும் சராசரி எடுக்கிறார்கள். லேண்ட்சாட்டில் அது நான்கு லட்சத்துக்கும் மேல் பிக்சல். கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டே இருக்கிறார்கள், தலையை எண்ணினால் எண்ணிக்கை அதேதான். இங்கே ஒரு மேடு பத்து மீட்டர் தள்ளிப் போனால் அங்கே இன்னொன்று வந்து நிற்கும். மணலின் நிறம் மாறவில்லை, மேடுகளின் சாய்வும் ஒட்டுமொத்தத்தில் மாறவில்லை. நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1996-இல் சஹாராவிலும் அரேபியாவிலும் 20 தளங்களைத் தேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். மேகம் குறைவாக இருக்க வேண்டும், மழை அனேகமாக வரக்கூடாது, நூறு கிலோமீட்டர் பரப்பில் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அவற்றிலிருந்து லிபியா-1, லிபியா-4, மொரிட்டானியா-1, மொரிட்டானியா-2, அல்ஜீரியா-3, அல்ஜீரியா-5 என்று ஆறு தளங்களை, புவி நோக்கும் கோள்களுக்கான சர்வதேசக் குழுவான சியோஸ் பொதுவாக ஏற்றுக்கொண்டது. இவற்றுக்குப் பெயரே "மாறாததுபோல் கொள்ளத்தக்க தளங்கள்" என்ற பொருளில்தான். மாறவே மாறாது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

11 மார்ச் 2024

"மாறவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அதையும் சென்சாரை வைத்துத்தானே பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு நான் வருடக்கணக்கில் தடுமாறியிருக்கிறேன்.

ஒரு சாட்சியை வைத்து எந்த வழக்கும் நிற்காது. ஆறு சாட்சிகளைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். லிபியா-4 நீல பேண்டில் ஐந்து வருடமாக இறங்கிக்கொண்டே வருகிறது என்று வை. அதே ஐந்து வருடத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மொரிட்டானியாவும் அதே அளவு இறங்கினால், இரண்டு மணலும் பேசி வைத்துக்கொண்டு கருத்துப்போகவில்லை. இரண்டுக்கும் பொதுவானது சென்சார் மட்டுமே. லிபியா மட்டும் இறங்கி மற்ற ஐந்தும் நேராக நின்றால் லிபியாவில் ஏதோ ஆகியிருக்கிறது. அப்புறம் அதே மணலை வேறொரு கோளின் கண்ணால் பார்க்க வேண்டும். அண்டார்டிகாவின் டோம் சி பனிமேட்டையும் சிலர் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். எல்லாத் தளத்தையும் ஒரே நேரத்தில் பாதிப்பது ஒன்று நடந்தால் சாட்சிகள் ஆறு பேரும் சேர்ந்தே தடம் மாறுவார்கள். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தகம் மேல் வளிமண்டலத்தில் மெல்லிய திரையாக உலகம் முழுக்கப் பரவி ஒன்றிரண்டு வருடம் தங்கியது. சென்சாருக்கும் மணலுக்கும் நடுவில் புதிதாக ஒரு திரை. அந்த மாதங்களின் பாலைவனப் புள்ளிகளை மற்றவற்றோடு ஒரே கோட்டில் சேர்க்கக்கூடாது. உன் ஆய்வும் 1991, 92-ஐத் தாண்டித்தான் போகிறது, குறித்துக்கொள்.

17 மார்ச் 2024

விளக்கே இல்லாத கோள்களும் பறந்தன. அமெரிக்க வானிலைக் கோள்களான நோவாவில் இருந்த ஏவிஎச்ஆர்ஆர் சென்சாரில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பறக்கும்போது சரிபார்க்க எந்தத் திருத்தக் கருவியும் கிடையாது. ஏவுவதற்கு முன் ஆய்வகத்தில் ஒரு எண் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். 1980-களிலிருந்து உலகத்தின் பசுமை ஏறியது, இறங்கியது என்று நாம் படிக்கிற நீண்ட வரலாறு எல்லாம் இந்த சென்சாரிலிருந்துதான் தொடங்குகிறது.

அதை நிமிர்த்தியது லிபியப் பாலைவனத்தில் ஒரு கட்டம், 21-லிருந்து 23 பாகை வடக்கு, 28-லிருந்து 29 பாகை கிழக்கு. அந்த மணலை வைத்துக் கணக்குப் போட்டதில், 1984 கடைசியில் ஏவிய நோவா-9 தன் சிவப்பு பேண்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம் பார்வையை இழந்துகொண்டிருந்தது தெரிந்தது. நோவா-7 அவ்வளவு வேகமில்லை, நோவா-11 இன்னும் மெதுவு. ஒரே வடிவமைப்பு, மூன்று விதமான தேய்வு. திருத்தாமல் மூன்றையும் ஒட்டினால் உலகமே பச்சையாகி, வெளுத்து, மறுபடி பச்சையானது போலத் தெரியும்.

19 மார்ச் 2024

ஒருவர் தனிச்செய்தியில் சுட்டிக்காட்டினார்: 17-ஆம் தேதி நான் எழுதிய கட்டம் லிபியா நாட்டுக்குள்ளேயே வராது. சரிதான். 22 பாகையில்தான் எகிப்து-சூடான் எல்லை ஓடுகிறது, அந்தக் கட்டம் அதன் மேல் குந்தியிருக்கிறது. லிபியப் பாலைவனம் என்பது மூன்று நாட்டிலும் பரந்து கிடக்கும் நிலத்தின் பெயர். லிபியா-4-உம் இதுவும் வேறு வேறு இடம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

24 மார்ச் 2024

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதுகிறேன்.

என் ஆய்வுக் காலத்தில் நாசாவின் டெர்ரா கோளில் இருக்கும் மோடிஸ் சென்சாரின் படங்களை வைத்துக் காவிரி டெல்டாவின் என்டிவிஐ-யை, அதாவது பயிர்ப் பசுமையைக் காட்டும் எண்ணை, பத்து வருடத்துக்கு வரைந்தேன். கோடு மெல்லக் கீழே இறங்கியது. சின்னச் சரிவுதான், ஆனால் புள்ளியியல் சோதனையில் தேறியது. எனக்குப் பெரிய சந்தோஷம், ஒரு கண்டுபிடிப்பு கையில் இருக்கிறது என்று. திருவையாறு பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வரைபடத்தைப் போட்டு, பயிரின் பசுமை குறைந்துகொண்டு வருகிறது என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "எங்க வயலு வெளுத்துப் போவலையேம்மா. தண்ணி வந்த வருசம் நல்லாத்தான் இருக்கு, வராத வருசம் இல்ல. நீங்க சொல்ற மாதிரி வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமால்லாம் போவலையே" என்றார். கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தைக் கோள் பார்க்கும் என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிறகு கட்டுரையை அனுப்பினேன். மதிப்பீடு செய்தவர் கேட்டது ஒரே கேள்வி: அக்வா கோளிலும் பார்த்தீர்களா? அக்வாவில் அதே மோடிஸ் சென்சார், 2002-இல் ஏவியது. போட்டுப் பார்த்தேன். சரிவில் பாதி காணோம். அடுத்து மோடிஸ் கலெக்‌ஷன் 6 வந்தபோது டெர்ராவிலும் மீதி காணோம். வயல் வெளுக்கவில்லை. கோளின் கண்தான் மங்கியிருந்தது. பெரியவர் சொன்னதுதான் சரி. நான் திரும்பிப் போய் அவரிடம் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

25 மார்ச் 2024

டெர்ராவுக்கு என்ன ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மோடிஸில் விளக்கை விட நல்ல ஏற்பாடு இருக்கிறது: சூரிய ஒளியை வாங்கிச் சீராகச் சிதறடிக்கும் வெள்ளைப் பலகை. வேண்டும்போது மட்டும் திறக்க ஒரு கதவு. 2003 ஜூலையில் டெர்ராவில் அந்தக் கதவின் இயக்கத்தில் கோளாறு வந்தது. மூடியபடி மாட்டிக்கொண்டால் பலகை மொத்தமாகப் போய்விடும், அதனால் கதவைத் திறந்தே வைத்து, ஒளியைக் குறைக்கும் திரையை மட்டும் போட்டு விட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் பலகையில் வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் முதலில் கெடுப்பது நீலத்தை, அதனால் பலகை நீலப் பக்கத்திலிருந்து வேகமாக மங்கத் தொடங்கியது.

பெரிய சிக்கல் அது கூட இல்லை, ஆடி. சுழலும் ஸ்கேன் ஆடியில் ஒவ்வொரு திசைக்கும் ஒளி ஒவ்வொரு கோணத்தில் படுகிறது. வயதாக ஆக ஆடி எல்லாக் கோணத்துக்கும் ஒரே மாதிரி மங்கவில்லை. வெள்ளைப் பலகை தெரிவது ஒரு கோணத்தில். மாதம் ஒருமுறை நிலாவைப் பார்ப்பது இன்னொரு கோணத்தில். மிச்சக் கோணங்களில் ஆடி எப்படி இருக்கிறது என்று கோளுக்குள் இருக்கும் எந்தக் கருவிக்கும் தெரியாது. மிகச் சிறிய அலைநீளப் பேண்டான 412 நானோமீட்டரில் 40 சதவீதத்துக்கும் மேல் பார்வை போயிருந்தது.

இங்கேதான் சஹாரா வந்தது. 16 நாள் சுழற்சியில் டெர்ரா அதே மணலை ஒரு நாள் நேர் கீழே, ஒரு நாள் இடது ஓரத்தில், ஒரு நாள் வலது ஓரத்தில் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியே பல வருட வரிசை கிடைத்தது. கலெக்‌ஷன் 6-இல் இந்த மணல் வரிசைகளை வைத்துத்தான் ஆடியின் கோண மங்கலைத் திருத்தினார்கள். என் டெல்டாக் கோடு நிமிர்ந்தது அந்த மணலால். அதனால்தான் இதைப் பற்றி யார் கேட்டாலும் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2 ஏப்ரல் 2024

தம்பி தன் முதல் வரைபடத்தை அனுப்பினான். லேண்ட்சாட் 7, லிபியா-4, அகச்சிவப்பு பேண்ட். "அக்கா, வருஷா வருஷம் அலை மாதிரி ஏறி இறங்குது, தளமே சரியில்லையோ?" என்கிறான்.

தளம் சரிதான். அலைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, சூரியன். குளிர்காலத்தில் வெயில் சாய்ந்து விழும், மேடுகளின் நிழல் நீளும், மணல் ஒளியைத் திருப்பும் விதமும் கோணத்துக்குக் கோணம் மாறும். இரண்டு, காற்றில் இருக்கும் நீராவி. லேண்ட்சாட் 7-இன் அகச்சிவப்பு பேண்ட் அகலமானது, நடுவில் 820 நானோமீட்டர் பக்கம் நீராவி ஒளியை உறிஞ்சும் பள்ளம் ஒன்றும் மாட்டிக்கொள்கிறது. லேண்ட்சாட் 8-இல் அந்தப் பள்ளத்தைத் தவிர்க்கவே பேண்டைக் குறுக்கினார்கள். அதே தளத்தை லேண்ட்சாட் 8-இல் வரைந்து பார், அலை தணிந்திருக்கும்.

அதே காரணத்தால் இரண்டு கோள்களின் அகச்சிவப்பையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. இரண்டு சென்சாரும் நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் ஒரே மணலுக்கு வேறு வேறு எண் வரும், ஏனென்றால் அவை ஒளியின் வேறு வேறு துண்டைப் பார்க்கின்றன. இந்த வித்தியாசத்தைக் கணக்கிட ஈஓ-1 கோளின் ஹைபீரியன் கருவி பெரிய உதவி. நூற்றுக்கணக்கான மெல்லிய பேண்டுகளில் அது லிபியா-4-ஐ வருடக்கணக்கில் பார்த்து வைத்திருக்கிறது.

அலையைச் சூரியக் கோணத்தை வைத்துக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குக் கோடு போடு. கழிக்காமல் கோடு போட்டால், முதல் வருடம் கோடைப் படமும் கடைசி வருடம் குளிர்காலப் படமும் அதிகமாக இருந்துவிட்டால் போதும், இல்லாத சரிவு தெரியும்.

14 ஏப்ரல் 2024

"நேரில் போய் அளந்தால் என்ன?" என்று ஒருவர். அதுவும் செய்கிறார்கள். நெவாடாவின் ரெயில்ரோடு வேலி, நமீபியாவில் கோபபெப் பக்கத்துச் சரளைச் சமவெளி, பிரான்ஸில் லா குரோ, சீனாவில் பாவ்டோ என்று ரேட்கால்நெட் வலையமைப்பில் தானியங்கிக் கருவிகள் நாள் முழுக்க தரையின் ஒளியை அளந்துகொண்டிருக்கின்றன. நம் நாட்டில் இதற்கு உப்பு வெளிதான், கட்ச் ரண்.

நான் இளையவளாக இருந்தபோது ஒரு குழுவோடு அங்கே போயிருக்கிறேன். மழைத் தண்ணீர் வற்றி உப்பு இறுகியிருந்த மாதம். கோள் தலைக்கு மேல் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். முதுகில் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர், கையில் ஒளியிழையை மாட்டிய கோல், கோலை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்தபடி கயிறு கட்டிய கோட்டில் நடக்க வேண்டும். நிழல் அளக்கிற இடத்தில் விழக்கூடாது. வெள்ளைச் சட்டை போடக்கூடாது, சட்டையில் பட்ட ஒளி தரையில் விழும், அதையும் சேர்த்து அளந்துவிடுவாய். உப்புத் தகடு பார்க்கக் கெட்டியாக இருக்கும், மிதித்தால் உடைந்து கீழே கரிய சேறு தெரியும், அதனால் மிதித்த தடத்தை மறுபடி அளக்கக்கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை வெள்ளைப் பலகைக்குத் திரும்பி அதை அளக்க வேண்டும், அதுதான் அன்றைக்கு நூறு சதவீத அளவு.

இரண்டாம் நாள் அந்தப் பலகையின் ஓரத்தில் யாரோ விரலை வைத்துவிட்டார்கள். கண்ணுக்கு அனேகமாகத் தெரியாத ஒரு ரேகை. வழிநடத்தியவர் அன்றைய அளவுகள் அத்தனையையும் தள்ளிவைத்தார். நாங்கள் முணுமுணுத்தோம். இன்றைக்கு அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்வேன்.

ஆள் போகும் தளத்தில் ஒரு நாளின் எண்ணைத் துல்லியமாகச் சொல்லலாம். முப்பது வருடம் இடைவிடாமல் ஆள் அனுப்ப யாராலும் முடியாது. அதற்கு ஆளே போகாத லிபியா-4 வேண்டும். இரண்டும் இரண்டு வேலை.

15 ஏப்ரல் 2024

ரெயில்ரோடு வேலி பற்றி ஒரு செய்தி விட்டுப்போயிற்று. அந்த வறண்ட ஏரிப்படுகைக்கு அடியில் லித்தியம் இருக்கிறது என்று சுரங்கம் தோண்ட ஆசைப்பட்டார்கள். தோண்டினால் தரை கெடும், புழுதி எழும், பல பத்தாண்டு அளவீடுகளின் தொடர்ச்சி போய்விடும் என்று நாசா கேட்டுக்கொண்டதன் பேரில், 2023-இல் அமெரிக்க நில நிர்வாகத் துறை ஏறத்தாழ 92 சதுர கிலோமீட்டரைச் சுரங்கப் பட்டியலிலிருந்து விலக்கி வைத்தது. மின்வண்டிக்கு லித்தியம் வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் லித்தியம் வேறு இடத்திலும் கிடைக்கும், இத்தனை வருடம் அளந்து வைத்த தரை இன்னொன்று கிடைக்காது. விலக்கியது சரி என்பது என் எண்ணம்.

28 ஏப்ரல் 2024

நிலாவே போதாதா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. நிலாவில் காற்று இல்லை, செடி இல்லை, மேற்பரப்பு மாறுவதே இல்லை என்று கொள்ளலாம். சீவிஃப்ஸ் சென்சாரைச் சுமந்த கோள் மாதாமாதம் மொத்தமாகத் தலையைத் திருப்பி நிலாவைப் பார்த்தது, சென்சாரின் தேய்வு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் எல்லாக் கோளாலும் திரும்ப முடியாது. மணலைப் பார்க்கத் திரும்பத் தேவையில்லை, போகிற வழியிலேயே இருக்கிறது.

இப்போதைய லேண்ட்சாட் 8-இல் எல்லாமே இருக்கிறது. அடிக்கடி பயன்படுத்தும் வெள்ளைப் பலகை ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் புதுப் பலகை ஒன்று, விளக்குகள், மாதம் ஒருமுறை நிலா. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் சஹாராவோடு ஒப்பிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் லேண்ட்சாட் 9 போனபோது, நவம்பரில் சில நாள் 8-க்கு நேர் கீழே பறக்கவிட்டு இரண்டையும் ஒரே நிலத்தை ஒரே நேரத்தில் பார்க்க வைத்தார்கள்.

12 மே 2024

தம்பி ஐரோப்பாவின் சென்டினல்-2 கோள் படங்களையும் சேர்த்துக்கொண்டு, "2022 ஜனவரியில எல்லாத் தளமும் ஒரே நாள்ல எகிறிடுச்சு" என்று பதறி எழுதியிருக்கிறான். மணலும் இல்லை, சென்சாரும் இல்லை. 2022 ஜனவரி 25 முதல் படங்களின் எண்ணோடு 1000 கூட்டிக் கொடுக்கிறார்கள், இருண்ட பிக்சல்கள் எதிர்மறைக்குப் போய் வெட்டுப்படக்கூடாது என்பதற்காக. படத்தோடு வரும் விவரக் கோப்பில் எழுதியிருக்கும். அந்த 1000-ஐக் கழித்துவிட்டு மறுபடி வரை.

பார், இதையும் உனக்குக் காட்டிக் கொடுத்தது மணல்தான். வயலில் நடந்திருந்தால் தை அறுவடை என்று நினைத்துக் கடந்து போயிருப்பாய்.

இன்னொரு எச்சரிக்கை. டெர்ராவை வைத்து 2020-க்குப் பிறகு கோடு நீட்டுகிறவர்கள் கவனிக்க. எரிபொருள் குறைந்ததால் அதன் பாதையைப் பழைய நேரத்தில் பிடித்து வைப்பதை நிறுத்திவிட்டார்கள். காலையில் 10.30-க்குக் கடந்த கோள் இப்போது அதற்கு முன்னாலேயே கடக்கிறது. வெயில் சாய்வு மாறுகிறது, மணலின் எண்ணும் மாறும். அது சென்சாரின் தேய்வு இல்லை.

9 ஜூன் 2024

லேண்ட்சாட் 5-க்கு லிபியா-4-இல் நடுவில் வருடக்கணக்கில் புள்ளியே இல்லை என்று கேட்டான். அந்தக் கோளில் படத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. தரைநிலையத்தின் பார்வையில் இருக்கும்போது நேரடியாக இறக்க வேண்டும், நம் ஹைதராபாத் பக்கத்து ஷாத்நகர் நிலையம் இறக்கியதுபோல. யாரும் இறக்காத நாளில் அந்த மணலுக்கு மேல் கோள் சும்மா போயிருக்கிறது. பிற நாட்டு நிலையங்களில் கிடந்த நாடாக்களை 2010 முதல் திரட்டிப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தார்கள், அதனால் சில வருடங்கள் நிரம்பின. மிச்ச இடைவெளியை இடைவெளியாகவே விடு. கோட்டை இழுத்து ஒட்டாதே.

23 ஜூன் 2024

லேண்ட்சாட் 8 வரைபடம் வந்தது. அலையைக் கழித்த பிறகு பதினோரு வருடப் புள்ளிகள் அனேகமாகப் படுத்துக் கிடக்கின்றன. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வரைபடத்தைப் பார்த்து மனசு நிறைந்தது, தம்பி.

நீல பேண்டில் ஒரு புள்ளி மட்டும் மேலே தனியாக நிற்கிறது, அதை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அழிப்பதற்கு முன் அந்தப் படத்தின் 9-ஆம் பேண்டைத் திற. நான் திறந்தேன். மற்ற பேண்டுகளில் சுத்தமான மணல். ஒன்பதில், தரை முழுக்கக் கறுத்து, வடமேற்கு மூலையிலிருந்து குறுக்காக நீண்ட மெல்லிய வெள்ளை இழைகள். உயரத்தில் போன பனிமேகம். அந்த பேண்ட் பார்க்கும் ஒளியைக் கீழே இருக்கும் நீராவி விழுங்கிவிடும், அதனால் மேலே இருப்பது மட்டும் தெரிகிறது. லேண்ட்சாட் 5-இல், 7-இல் இந்த பேண்ட் கிடையாது. அங்கே இப்படி எத்தனை இழை கண்ணில் படாமல் சராசரிக்குள் போயிருக்கும் என்று யோசித்து, பழைய கோள்களுக்குப் பிழை வரம்பைக் கொஞ்சம் அகலமாகவே போடு.

அந்தப் புள்ளியை விலக்கு, ஆனால் தேதியையும் காரணத்தையும் ஒரு கோப்பில் எழுதி வை. விலக்கிய மற்றவற்றுக்கும் அப்படியே. அல்ஜீரியா-3 முடிந்ததும் இங்கேயே போடு. லிபியாவுக்கு வைத்த அதே அச்சு அளவில் வரை, அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடியும்.